தொங்குகை

காது கேளாதோர் சங்கத்துத் தலைவர் பிழைப்புக்குப் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். பின்னட்டை ஒட்டாமல் ஒரு புத்தகத்தையும் கடையை விட்டு வெளியே அனுப்பமாட்டார். சொந்தப் பேச்சுக்கு மட்டும் அந்த மனிதரிடம் பின்னட்டையே கிடையாது.

சைகையில் பேசுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது கண்ணை இமைப்பார்கள், தலையை லேசாக ஆட்டுவார்கள், கை தானாக இறங்கும். அதுதான் முற்றுப்புள்ளி; அடுத்தவர் ஆரம்பிக்கலாம். இவரோ கடைசிச் சைகையை அந்தரத்திலேயே நிறுத்தி, புருவத்தையும் தூக்கிவைத்துக்கொள்வார். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று சபை மரியாதையாகக் காத்திருக்கும். யாராவது பொறுமை இழந்து கையை ஆட்டினால், கண்ணை இறுக மூடிக்கொண்டு பேச்சைத் தொடர்வார். மூடின கண்ணுக்குள் எந்த மகராசனால் நுழைய முடியும்? சங்கத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தொங்குகை'.

நாற்காலியையும் இந்த வித்தையில்தான் காப்பாற்றி வந்தார். ஆண்டுக்கூட்டத்தில் போட்டிக்கு யாரும் எழாவிட்டால் பழைய தலைவரே தொடரலாம் என்பது விதி. இவர் முடித்தால்தானே இன்னொருவர் எழுவதற்கு!

இந்தமுறை எழத் துணிந்தது அவருடைய சம்சாரம். காலையில் கிளம்பும்போதே சைகையில் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு நானும் நிக்கிறேன். சங்கத்து ஹால்ல உங்க தலைக்கு மேல மட்டும் லைட்டு எரிஞ்சா போதுமா? பின்வரிசையில ஒருத்தர் கையும் தெரியல."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்தில் அவர் தண்ணீர்த் தொட்டி ரிப்பேரான வரலாற்றை ஆரம்பித்தார். அவள் எழுந்தாள். அவர் டக்கென்று கண்ணை மூடி, தொட்டிக்குள் இறங்கிவிட்டார். அவள் மேடையேறி அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"தலைவர் பதவிக்கு நான் நிக்கிறேன். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

இமைத்தாள், கையை இறக்கினாள். சபையே கையைத் தூக்கியது. சந்தோஷம் தாங்காமல் எல்லாரும் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள், அவர்களுடைய கைதட்டல் அதுதான். சிலர் காலாலும் தரையை உதைத்தார்கள்.

மேடைப் பலகை அதிர, அவர் கண்ணைத் திறந்தார். அடேயப்பா, எத்தனை கைகள்! தொட்டிக் கதைக்கே இவ்வளவு வரவேற்பா? மனிதர் பூரித்துப்போனார். ஆயுளில் முதல்முறையாக நிதானமாக இமைத்து, தலையை ஆட்டி, இரண்டு கைகளையும் கீழே இறக்கினார்.

"தலைவரே தலையாட்டிட்டாரு, முடிஞ்சுபோச்சு!" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சைகை காட்டினார்.

விஷயம் உறைத்தபோது அவருக்கு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது. பதறிக் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம், நான் இன்னும் முடிக்கல..."

புதுத் தலைவி நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, புருஷனைப் பார்த்து அன்பாகச் சிரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.