என் கனவில் வந்த சம்சாரம்

இன்று காலை முழுவதும் செல்வியோடு நான் பேசவில்லை. சுக்கு குடோனில் இருவரும் ஒரே சாக்கை விரித்து உட்கார்ந்துதான் தரம் பிரிக்கிறோம்.

"என்னடி, ஒண்ணும் மிண்டாம இருக்க?" என்றாள்.

கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கனவில் குடோன் நிறையச் சாயா. அதில் ஒரு படகு. எதிர்த்த சாயாக்கடைச் சேட்டன் துடுப்புப் போட, என் பச்சைச் சுரிதாரை மாட்டிக்கொண்டு செல்வி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கரையில், என்றோ விட்ட பள்ளிக்கூடத்தின் யூனிபார்மில் நிற்கிறேன்.

சேட்டன் என்னிடம், "இவள் என்டெ சம்சாரம்" என்கிறான்.

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி மண்டு! அவன் மலையாளியாக்கும். அவனுக்குச் சம்சாரம்னா பேச்சு. நம்ம வீட்டுலதான் அது பொண்டாட்டி."

அப்பாடா என்றிருந்தது. அந்தச் சேட்டனை நான் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் சுக்கைப் பொறுக்கியவள், தலை நிமிராமல் கேட்டாள்: "ஏண்டி, அதை அவன் சந்தோஷமாச் சொன்னானா?"

இனிமேல் கனவை யாரிடமும் சொல்வதாக இல்லை. இப்போது உங்களிடம் வேறு சொல்லிவிட்டேன். உங்களில் யாரும் அந்தக் கடையில் சாயா குடிப்பதில்லையே?