மியூரியல் கொடுக்கும் முயல்

முயலை மடியில் மல்லாத்திப் போட்டு, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியை மேலே தள்ளி, வாலடி உரோமத்தை இரண்டு விரல்களால் விலக்கிப் பார்க்கிறார் மியூரியல். முயல் நான்கு கால்களையும் ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று கிடக்கிறது.

"உது பெட்டை எண்டு ஆர் சொன்னது?"

"சந்தையிலை வித்தவன் சொன்னவன், அன்ரி."

"தூக்கிப் பார்த்துச் சொன்னவனோ, முகத்தைப் பார்த்துச் சொன்னவனோ?"

முயல் பெட்டையல்ல, கடுவன். அக்காளும் தங்கையும் என்று நம்பி இரண்டையும் ஒரே கூட்டில் வளர்த்த வீட்டில் இப்போது பதினேழு முயல்கள். கொக்குவிலில் ரயில் பாதையை ஒட்டிய மியூரியலின் வளவுக்கு மட்டைப்பெட்டியோடு வருகிறவர்களில் பாதிப் பேருடைய கதை இதுதான்.

மியூரியலுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சீருடை தைப்பது தொழில். பிறர் பெருக்கிவிட்டு வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்து தள்ளும் முயல்களை வாங்கி, தேற்றி, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது அவருடைய மற்ற வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது. ஒழுங்கையில் 'குடும்பக் கட்டுப்பாட்டு மியூரியல்' என்பார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. "வேறை ஆரும் செய்யாத வேலைக்கு ஒரு பேர் வேணும்தானே" என்பார்.

இனிப்பு வாங்குவதுபோல அவரிடம் முயல் வாங்கிவிட முடியாது. தையல் மெசினுக்கு எதிரே ஒரு முக்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். கூட்டின் அடித்தளம் கம்பியா, பலகையா? கம்பி என்றால் பாதம் புண்ணாகும், முயல் கிடையாது. மத்தியான வெயில் கூட்டில் எங்கே விழும்? சித்திரை வெக்கைக்கு என்ன ஏற்பாடு? ஐஸ் கட்டிய தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைக்கத் தெரியுமா? என்ன சாப்பாடு கொடுப்பீர்கள்? 'கரட்' என்று துள்ளிச் சொல்லும் சிறுமிகளிடம் மட்டும் குரலைத் தாழ்த்துவார். "கரட் அதுக்கு ரொஃபி மாதிரி, குஞ்சு. ரொஃபியை மட்டும் திண்டு நீ இருப்பியோ? புல்லுக் குடு."

குளிப்பாட்டும் விசயத்தில் மட்டும் அவர் யாருக்கும் குரலைத் தாழ்த்துவதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் வீட்டில் எல்லாம் முழுகித்தான் இருக்கவேண்டும் என்று முயலையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவர்களைத் திட்டுமுன் தன் கதையைச் சொல்லிவிடுவார். "நத்தாருக்கு ஆக்கள் வருவினம், வடிவாய் இருக்கட்டும் எண்டு என்ரை முதல் முயலைச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டினனான். அரை மணித்தியாலத்திலை விறைச்சுப் போச்சு. நான் வேதக்காரி, யேசுவைக் கும்பிடுறன்; நீங்கள் சைவம். முயலுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவருடைய அடுத்த பாடம், தாய் முயல். குட்டி போடுமுன் அது தன் நெஞ்சு உரோமத்தைத் தானே பிடுங்கிப் படுக்கை போடும். சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசாதீர்கள். ஒரு நாளைக்கு ஒருதரம், இரண்டு தரந்தான் பால் கொடுக்கும். கைவிட்டுவிட்டது என்று நினைத்துப் பசுப்பால் பருக்காதீர்கள். ஒருத்தியாய் வைத்தால் சலித்துப்போவாள். துணை தருவேன், ஆனால் கடுவனுக்கு மிருக வைத்தியரிடம் விதையெடுத்து, நலம் தட்டிய பிறகே தருவேன்.

இந்த இடத்தில்தான் ஆண்கள் முக்காலியை விட்டு எழும்புவார்கள். முயலுக்குச் செய்யப்போவதைத் தமக்கே செய்யப்போவதுபோல ஒரு முகம்.

அச்சுவேலியிலிருந்து சுபாஸ்கரனும் மனைவி குணலட்சுமியும் வந்தது ஒரு சனிக்கிழமைக் காலை. ஒரு பெட்டியில் கறுத்தக் கடுவன், கொழுத்து மினுங்கியது. மற்றதில் வெள்ளைச்சி. அதைத் தூக்கியதும் மியூரியலின் கை நின்றுவிட்டது. தோலுக்குக் கீழே முள்ளந்தண்டு சீப்புப்போலத் தட்டுப்பட்டது. நெஞ்சில் உரோமமே இல்லை.

"எத்தினையாவது பேறு?"

"போன கிழமையோடை ஆறு" என்றாள் குணலட்சுமி. அவளுடைய தோளில் எட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெண். முதலிரண்டு பேரையும் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"குட்டியள் எங்கை?"

சுபாஸ்கரன் முந்திக்கொண்டான். "அப்பா சந்நிதி வீதியிலை கொண்டுபோய் விட்டவர், அன்ரி. முருகன் பார்ப்பாராம்."

"விட்டிட்டு வந்தாப் பிறகு ஒருக்காத் திரும்பிப் போய்ப் பார்த்தவரோ?"

"நான் போனனான்" என்றாள் குணலட்சுமி. "காகம்..."

மியூரியல் வெள்ளைச்சியின் அடிவயிற்றை விரல்களால் மெல்ல வருடினார். பெற்ற அன்றே மறுபடி சினைப்படக்கூடிய பிராணி முயல். அது தெரியாமல் கடுவனை ஒரே கூட்டில் விட்டிருந்தார்கள். இன்னும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் மறுபடி சினைதான், சந்தேகமில்லை என்றார். "இதிலை இவள் தப்பினாலே பெரிய காரியம். ஏழுக்குப் பிறகு எட்டு எண்டால் குழிதான் வெட்டவேணும். கடுவனை இண்டைக்கே வைத்தியரிட்டைக் கொண்டுபோவம்."

சுபாஸ்கரன் கைத்தொலைபேசியை எடுத்தான். அப்பாவைக் கேட்காமல் செய்யமுடியாதாம். அருளம்பலத்தின் குரல் ஒலிபெருக்கியில் வளவெல்லாம் கேட்டது.

"தங்கச்சி, ஆம்பிளைச் சீவனை வெட்டுறது பாவம். குடும்பத்துக்கு ஆகாது."

"ஐயா, நீங்கள் வண்டில் மாடு வைச்சிருந்தனீங்களோ?"

"ஓம், ரெண்டு சோடி."

"நலம் தட்டினதோ, தட்டாததோ?"

மறுமுனையில் இருமல். "அது... வண்டில் இழுக்கவெல்லோ."

"விறைப்பு ஊசி போடாமல், கால் நாலையும் கட்டிச் செய்தது. உங்களுக்கு வண்டில் ஓடவேணும் எண்டால் பாவம் இல்லை. ஒரு பெட்டை உயிரோடை இருக்கவேணும் எண்டால் பாவமோ?"

"நீர் சட்டம் கதைக்கிறீர்."

"முயல் கதைக்காது, ஐயா. அதுக்காக நான் கதைக்கிறன்."

தொடர்பு அறுந்தது. அருளம்பலம் வைத்தாரா, சுபாஸ்கரனின் பெருவிரல் பட்டதா, தெரியவில்லை.

பாவம் என்ற சொல்லை இந்த மண்ணில் ஆண்கள் தங்கள் பக்கமாகவே வளைத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தையலைப் பிரிக்க மியூரியலுக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. அவர் சுபாஸ்கரனுக்குச் செய்முறையை விளக்கினார். பெட்டைக்கு என்றால் வயிற்றைத் திறக்கவேண்டும். கடுவனுக்குச் சின்ன வெட்டு, அன்று பின்னேரமே புல் தின்னும். முன்னதாகப் பட்டினி போடக்கூடாது. வெறும் வயிறு முயலுக்கு ஆகாது. முடிந்த பிறகும் ஆறு கிழமை பிரித்து வைக்கவேண்டும், உடம்பில் மிச்சம் இருக்கும்.

குணலட்சுமி ஒவ்வொரு சொல்லையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எத்தினை நாள் வேலைக்குப் போகேலாது, அன்ரி?"

"முயலுக்கு என்ன வேலை, பிள்ளை?"

கேட்டுவிட்டுத்தான், கேள்வி முயலைப் பற்றியதல்ல என்று மியூரியலுக்கு விளங்கியது. குணலட்சுமி தலையைக் குனிந்து குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். சுபாஸ்கரன் கூரையின் வளை மரத்தைப் பார்த்தான். இனி ஒரு பேறு இவளுக்கு ஆபத்து என்று ஆசுப்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்; மாமனாருக்குப் பேரன் வேண்டுமாயிருந்தது.

மியூரியல் சுபாஸ்கரனை நேராகப் பார்த்தார். "ஒரு கிழமை பாரம் தூக்காமல் இருந்தால் போதும்" என்றார். "நோவும் கனக்க இல்லையாம்."

அன்று கடுவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. சுபாஸ்கரன் தலையசைத்துச் சம்மதித்திருந்தான். இரண்டு முயல்களும் மியூரியலின் வளவில் தனித்தனிக் கூடுகளில் தங்கின. வெள்ளைச்சிக்கு அவர் முள்முருக்கு இலையும் அறுகம்புல்லும் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். துணி வெட்டும்போதும் கூட்டைப் பார்த்தபடியே வெட்டினார். ஒரு சீருடையின் கை குட்டையாகிப் போனதும் அந்த நாட்களில்தான். சனிக்கிழமைகளில் சுபாஸ்கரன் தனியாக வந்தான். எப்போதும் அதே கேள்வி: "தப்புவாளோ, அன்ரி?" எப்போதும் அதே பதில்: "தெரியாது, தம்பி. சாப்பிடுறாள்."

நாலாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வந்தபோது பேறு நடந்துகொண்டிருந்தது. முதலாவது செத்துப் பிறந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது உயிரோடு வந்தன. உரோமமில்லாத, விரல் நீளப் பிராணிகள், வெறும் வைக்கோலில் நெளிந்தன. வெள்ளைச்சி எழும்பினாள். தள்ளாடினாள். தன் நெஞ்சைக் கடித்து இழுத்தாள். அங்கே பிடுங்க ஒன்றும் இல்லை. மறுபடி கடித்தாள். வெறும் தோலில் இரத்தம் துளிர்த்தது.

"ஏன் அன்ரி அப்பிடிச் செய்யிறாள்?"

"பிள்ளையளுக்குக் குளிருது. போர்க்க மயிர் தேடுறாள். ஆறு தரம் பிடுங்கிக் குடுத்திட்டாள், இனி எங்காலை?"

சுபாஸ்கரன் கூட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். ரயில் ஒன்று கடந்துபோய் ஓய்ந்த பிறகும் அப்படியே நின்றான்.

மியூரியல் மற்றக் கூட்டைத் திறந்து கறுத்தக் கடுவனைத் தூக்கி வந்தார். சுபாஸ்கரனை முக்காலியில் இருத்தி, அதை அவன் மடியில் வைத்தார். தன் கொண்டையில் செருகியிருந்த சீப்பை உருவி அவனுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"மெதுவாய் வாரு, தம்பி" என்றார். "நோகாமல்."

அவன் வாரினான். கறுத்த உரோமம் பஞ்சுபோலக் கழன்று வந்தது. மியூரியல் அதைக் கை நிறைய வாங்கி, சூடாகும்வரை தன் கன்னத்தோடு அழுத்தி வைத்திருந்து, குனிந்து, குட்டிகளின் மேல் பரப்பினார்.