எங்குமே இல்லாத பங்களா

கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக அங்கே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். காணாமல்போன அண்ணனைத் தேடி ஒரு பெண், தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவுக்குள் அறை அறையாக நடப்பாள். அந்த அறைகளை வரைவது என் வேலை. ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள் நான். முகங்கள் நன்றாக வரும். அறை வரைந்து பழக்கமில்லை.

முதலில் மேசை, நாற்காலிகளோடு சாப்பாட்டு அறையை வரைந்தேன். அலுமாரியின் பூவேலைக்கே இரண்டு நாள் போனது. விளையாட்டுக்கு உயிர் கொடுக்கும் புரோகிராமர் அக்குறணைக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அந்தப் பெண்ணை என் அறைக்குள் நடக்கவிட்டார். பின்சுவருக்குப் போனபோது அவள் கதவைவிட உயரமாக நின்றாள்.

"தங்கச்சி, இவ நடக்கிறாவா, மலை ஏறுறாவா?" என்றார் நானா. எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரிக்கவில்லை. "வடிவாத்தான் கீறியிருக்கிறீர். ஆனா இந்தக் கதிரையில இருந்தா ஆள் சறுக்கி விழுந்திடும். திங்கக்கிழமை வரைக்கும் பாப்பம். சரிவராட்டி கொழும்பில ஆள் பிடிக்க வேண்டி வரும்."

அன்று மாலை நான் வீடு திரும்பிய கட்டுகஸ்தோட்டை பஸ்ஸை வழக்கம்போல சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். யுத்த காலம். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். எரிச்சலோடு முன்னே பார்த்தேன். வரிசை நீளமாக இருந்தது. என் உயரமுள்ளவர்களின் தலைகளெல்லாம், கிட்ட நின்றாலும் எட்ட நின்றாலும், ஒரே மட்டத்தில் இருந்தன. கால்கள்தான் தூரம் போகப்போக மேலே ஏறின. என் கண் இருக்கும் உயரத்தில் ஒரு கோடு இழுத்தால் அத்தனை பேருடைய கண்ணையும் அது தொட்டுக்கொண்டு போகும்! என் படத்தில் அந்தக் கோட்டைக் கதவுக்கு மேலே எங்கேயோ வைத்திருந்தேன். போதாததற்கு, உள்ளே போகும் கோடுகளெல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டியிருக்க, மேசைக்கு ஒரு புள்ளி, அலுமாரிக்கு இன்னொரு புள்ளி என்று கோடுகளை ஆளுக்கொரு பக்கம் ஓடவிட்டிருந்தேன்.

அட்டையை நீட்டும்போது சிரித்துவிட்டேன். "என்ன சிரிப்பு?" என்று இராணுவக்காரன் சிங்களத்தில் அதட்டினான். சொன்னால் அவனுக்குப் புரிந்திருக்காது.

அக்காவும் நானும் வாடகைக்கு இருந்த அறையின் சுவரில் பெரிய தாளை ஒட்டினேன். கண்மட்டக் கோட்டில் ஒரு குண்டூசி குத்தி நூலைக் கட்டினேன். மேசை, அலுமாரி, தரைப்பலகை, விட்டம் என்று உள்ளே போகும் ஒவ்வொரு விளிம்பையும் அந்த நூல் போன வழியே இழுத்தேன். பிறகு அந்தப் பெண்ணைத் தாளில் சின்னதும் பெரியதுமாக வெட்டி, கண் அந்தக் கோட்டிலேயே இருக்கும்படி ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். கதவுக்குள் கச்சிதமாக நின்றாள்.

"அக்கா, இங்க வந்து பாரு!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏய், உள்ள போயிரலாம் போலருக்கே!"

திங்கட்கிழமை காலை அதே சாவடியில் நான் சுருட்டி எடுத்துப்போன படங்களைப் பிரித்தார்கள். சாப்பாட்டு அறையோடு நான் வரைந்து சேர்த்திருந்த கூடம், படிக்கட்டு, நடைவழி, கதவுகள், ஜன்னல்கள். தமிழ்ப் பெண்ணின் கையில் ஒரு பெரிய வீட்டின் உட்புறம். அதிகாரியைக் கூப்பிட்டார்கள்.

"இது யாருடைய வீடு? எங்கே இருக்கிறது?" அவரும் சிங்களத்தில்தான் கேட்டார்.

"எங்கேயும் இல்லை, சேர். கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக நானே வரைந்தது."

"இல்லாத வீட்டை யாராவது இப்படி வரைவார்களா?"

இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒன்று உறைத்தது: இந்த மனிதர் என் அறைகளை நம்பிவிட்டார்.

"ஒரு தாள் தாருங்கள், சேர். உங்கள் முன்னாலேயே வரைகிறேன்."

முதலில் கோடு, பிறகு புள்ளி. மணல்மூட்டைகள், தகரக் கூரை, மேசைமேல் பிளாஸ்க், பாலத்தை நோக்கிக் குறுகிப் போகும் தெரு. இராணுவக்காரர்கள் சுற்றிவந்து நின்றார்கள். "நான் எங்கே?" என்றான் ஒருவன். தெருவின் கடைசியில் அவனை நிறுத்தினேன். "காதைப் பாருங்கள், சேர், நானேதான்!" என்று அவன் கத்த, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதிகாரி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதை வெளியே விட முடியாது. நீ உன் பங்களாவைக் கொண்டு போ."

முதலாளி மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தார். "எங்க போனனீர்? நாங்கள் பயந்துபோனம்!" நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

படத்தை ஸ்கேன் செய்து நானா அவளை உள்ளே விட்டார். மேசையைச் சுற்றி நடந்தாள். தூரம் போகப்போக அளவாகச் சிறுத்தாள். கதவைத் திறந்து வெளியே போனாள். நானா அவளைத் திருப்பிக் கூட்டிவந்து மறுபடி நடக்கவிட்டார், பிறகும் ஒருமுறை.

"அல்லாஹ்வே, தங்கச்சி! இது ரூம்!"

"கொழும்பு ஆள் தேவையில்லை," என்றார் முதலாளி. "மிச்ச அறையளையும் நீரே கீறும்."

எல்லா அறைகளையும் நானே வரைந்தேன். வேலை முடிந்ததும் அம்மாவைத் தோட்டத்திலிருந்து அலுவலகத்துக்குக் கூட்டிவந்தேன். தோட்டத்துத் துரையின் பங்களாவில், சமையல் நடக்கும் குசினியின் வாசலைத் தாண்டி அவரை யாரும் விட்டதில்லை. மவுஸை அவர் கையில் கொடுத்து, "நீங்களே நடங்கம்மா" என்றேன். திரையில் முன்வாசல் வழியாக உள்ளே போனார். கூடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு, யாரையும் கேட்காமல், மாடிப்படி ஏறினார்.