டாக்டரம்மாவுக்கு வராமல் போன கார்டுகள்

எனக்கு எண்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றைக்கூடத் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்கு அனுப்பவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் மாத்திரை எடுக்க இந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் இறங்கிவிடுகிறது. இது டாக்டரம்மாவின் டப்பா.

எழுபதுகளில் பாகாயத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன், தபாலும் எடுத்துவந்தேன். டாக்டரம்மா ரத்தத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதுவார். அது வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தால், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் கார்டு போடுவார்கள். அவற்றைப் போட்டுவைக்கிற இந்த டப்பா பிதுங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற நான், கார்டுகளை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு எதிர் அறை பியூன் முன்னால் நடப்பேன். அவனுடைய ஐயா இதய ஆராய்ச்சிக்காரர். "உங்க ஐயாவுக்கு இன்னிக்கும் கம்மிதான் போலருக்குது?" என்று வேண்டுமென்றே கேட்பேன்.

அப்போது என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டை தோல் ஷாப்பில், தோலை ஊறப்போடுகிற குரோம் உப்புத் தொட்டியில் வேலை செய்தார். விரல் முட்டிகளில் ஆணி அடித்துப் பிடுங்கியதுபோல வட்ட வட்டமாகப் புண். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்பார். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், "அம்மா, அவரு கைய ஒரு வாட்டி வந்து பாருங்கம்மா" என்றேன். பார்த்தார். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

"இந்த மாதிரி இன்னும் எத்தன பேருக்கு இருக்குது?"

"ஷாப்புல எல்லாருக்குந்தாம்மா."

அடுத்த வாரமே பஸ் ஏறி ராணிப்பேட்டை போனார். பிறகு ஆம்பூர். ரத்த ஆராய்ச்சி அப்படியே நின்றுபோயிற்று. வருஷக்கணக்கில் ஷாப் ஷாப்பாகப் போய்க் கை பார்த்தார், களிம்பு கொடுத்தார், மேஸ்திரிகளோடு சண்டை போட்டு ரப்பர் கையுறை வாங்கவைத்தார். அதைப் பற்றியும் எழுதத்தான் செய்தார். உலகத்தில் குரோம் புண்ணைப் பற்றிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கார்டு அருகிப்போயிற்று. "இன்னாக்கா, உங்கம்மா டப்பா காத்து வாங்குது? ரெண்டு கார்டு கைமாத்தா தரட்டுமா?" என்று பியூன் எனக்குத் திருப்பிக் கொடுத்தான்.

எண்பதுகளில் துறைத் தலைவர் பதவி காலியானது. தேர்வு செய்ய வந்தவர்களுக்கு நான்தான் டீ கொடுத்தேன். ஒருவர் எழுதியதை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று தடித்தடிப் புத்தகங்களில் தேடி எண்ணிவைத்திருந்தார்கள். இதயத்துக்கும் குரோம் புண்ணுக்கும் ஒரே அளவுகோல். "அம்மாவுது ரொம்பக் கம்மிதான்" என்றார் ஒருவர். அன்று காலை என் வீட்டுக்காரர் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பதவி எதிர் அறைக்குப் போயிற்று. டாக்டரம்மா ஊரைவிட்டுப் போகும்போது டப்பாவை என்னிடம் கொடுத்தார். "எல்லாம் நான் கூப்ட்டதாலதானேம்மா" என்றேன். "ஆமா, நீதான் கூப்ட்ட" என்றார். அவ்வளவுதான். கோபமா, சிரிப்பா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி கல்லூரியில் வேலை செய்கிறாள். "இப்பல்லாம் அப்டி எண்ணுறப்ப ரத்தத்த ரத்தத்தோட, தோல் புண்ணத் தோல் புண்ணோட வெச்சிதான் பாக்கணும்னு சொல்றாங்க ஆயா" என்கிறாள். நல்லதுதான். டாக்டரம்மாவுக்குத்தான் அது உதவவில்லை. ஆனால் என்னை அறுப்பது அதுவுமில்லை. அந்தக் கையை இன்றைக்குப் பார்த்தாலும் அவரைத்தான் கூப்பிடுவேன், இந்த டப்பா காலியாகும் என்று தெரிந்தே கூப்பிடுவேன்.

எழுதிட்டியா கண்ணு? மொதல்லேர்ந்து சத்தமா படி. அந்தக் கடைசி வரிய மட்டும் முழுங்கிடாத.