அக்காவின் கண்ணுக்குள் போன லேசர்

"ஏலே, மனுசனச் சாம்பலாக்குத சாமான என் கண்ணுக்குள்ள விடவா சொல்லுத?"

அக்கா இப்படிக் கேட்டபோது இடைசெவலில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்குட்டி ஒன்று என் வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

சாமான் என்று அவள் சொன்னது லேசரை.

பத்தி எழுதுவதோடு நான் விஞ்ஞானக் கதைகளும் எழுதுகிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் கதாநாயகர்கள் சோறு தண்ணி இல்லாமல் கூட இருப்பார்கள். லேசர் துப்பாக்கி இல்லாமல் இருக்க மாட்டார்கள். 'விஷ்ஷ்' என்று ஒரு சிவப்புக் கோடு... எதிரி நின்ற இடத்தில் ஒரு பிடி சாம்பல்! விண்கலத்தைப் பப்பாளிப் பழம் மாதிரி இரண்டாக நறுக்கியிருக்கிறேன். செவ்வாய்க் கிரகத்தில் லேசராலேயே கிணறு வெட்டியிருக்கிறேன். வாசகர்களும் விடுவதில்லை. 'ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகுமே, உங்கள் ஹீரோ எப்படி ஐயா குனிந்து தப்பிக்கிறான்?' நியாயமான கேள்விதான். ஆனால் அவன் குனியாவிட்டால் முதல் வாரமே தொடர் முடிந்துவிடுமே, என் பிழைப்பு என்னாவது?

இவ்வளவையும் ஒரு வரி விடாமல் படித்து, ஒரு வரி விடாமல் நம்பிய ஜீவன் ஒன்று உண்டு. அதுதான் என் அக்கா சண்முகத்தாய். காட்டுக்கு ஆடு பத்திக்கொண்டு போகும்போது தூக்குவாளியோடு வாரப் பத்திரிகையும் போகும்.

அக்காவுக்குப் பல வருஷமாகச் சுகர். கொஞ்ச நாளாக வலது கண்ணுக்குள் கொசு பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணின் பின்சுவரில், அதாவது விழித்திரையில், ரத்தக்குழாய்கள் கசிகின்றனவாம். லேசர் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடலாம் என்றார்கள். லேசர் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்தவள்தான், பஸ் ஸ்டாண்டில் வந்துதான் நின்றாள்.

பார்வை போனால் அவளுக்கு என்ன மிச்சம்? மச்சான் காலமான பிறகு மந்தையும் அவள்தான், கம்பும் உளுந்தும் விளைகிற அந்தக் கரிசல் துண்டும் அவள்தான். அரை மைல் தள்ளி மேயும் கூட்டத்தில் தன் ஆடு எது, பக்கத்துக்காரர் ஆடு எது என்று பிரித்துச் சொல்வாள். யார் கையையாவது பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற அக்காவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கெஞ்சினேன். "அக்கா, கோவில்பட்டி சூப்பர் மார்க்கெட்ல பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினதும் பில்லு வருதுல்லா? அதுவும் லேசர்தான்!"

"அது பிஸ்கட்டு. இது கண்ணு."

கடைசியில் ஒரு சமரசம். லேசர் வேண்டாம் என்பதை டாக்டரிடம் அவளே நேரில் சொல்லிவிட்டு வருவது.

டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் கயத்தாறு. அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவில்லை. "பயப்படாதீங்கம்மா. கசியுத எடத்துல குட்டிக் குட்டியாச் சூடு போடுதோம். அம்புட்டுத்தான்" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "சூடா? மாட்டுக்குப் போடுவோமே... அதா?"

"அதேதான். கசிவு அடைச்சுக்கிடும்."

எங்கள் பக்கத்து ஆடு மாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடு நொண்டினால், பின்தொடைச் சப்பையில் வீக்கம் கண்டால், கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுப்பார்கள். இப்போதைய கால்நடை டாக்டர்கள் கூடாது என்கிறார்கள். ஆனாலும் அக்கா கண்ணால் கண்டு வளர்ந்த வைத்தியம் அது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? இவன் லேசரு லேசருன்னு என்னயப் பயங்காட்டிட்டான்!" டாக்டரம்மா முன்னால் எனக்கு மானம் போனது.

குறித்த நாளில் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். சற்று நேரத்தில் அக்காவுக்கு வேர்த்தது. கை நடுங்கியது. நாக்கு குழறியது. நர்ஸ் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தால், சர்க்கரை அடிமட்டத்தில்!

"காலையில என்னம்மா சாப்ட்டீங்க?"

"ஒண்ணுந் திங்கல. சூடு போடுத அன்னைக்கு மாட்டுக்குத் தீவனம் காட்ட மாட்டோம்லா..."

சுகர் மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கியிருக்கிறாள்! குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, கேன்டீனில் இட்லி வாங்கி ஊட்டி, அவள் முகம் தெளிகிறவரை நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மாட்டு வைத்தியத்தை ஞாபகப்படுத்தியது தான்தானே என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்ததா? லேசர் அறை வாசலில் அக்கா இன்னொரு நிபந்தனை போட்டாள். "சூடு போடயில தலையப் பிடிக்க வீட்டாளு வேணும். வெளியாளு பிடிச்சா மாடு மிரளும். என் தம்பி பிடிக்கட்டும்."

டாக்டரம்மா யோசித்தார். ஒரு ஆரஞ்சு நிறக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "இதக் கழட்டவே கூடாது சார்."

ஆக, இத்தனை வருஷம் லேசரைப் பற்றிக் கதை விட்டவன் முதல் முறையாக நிஜ லேசரின் பக்கத்தில் நிற்கிறேன்! அக்கா தாடையை ஒரு தாங்கியில் வைத்தாள். நான் பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அவள் தலையைப் பிடித்தேன்.

விஷ்ஷ் இல்லை. வெடிப்பு இல்லை. 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். என் கண்ணாடி அந்த ஒளியை மட்டும் வடிகட்டிவிடுமாம். அதனால் நான் கண்டது ஆரஞ்சு நிறச் சுவர் ஒன்றைத்தான். ஒவ்வொரு டிக்குக்கும் அக்காவின் தலை என் கைக்குள் லேசாக அதிர்ந்தது. எனக்குத் தெரிந்த லேசர் அவ்வளவுதான்.

ஆனால் அந்த அறையில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். கருவிழி, லென்ஸ், உள்ளே இருக்கும் கூழ் என்று எல்லாவற்றையும் கடந்து போகிறது அந்த ஒளி. போகிற வழியில் எதையும் சுடவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து தரையைச் சுடுகிற வெயில் மாதிரி, பின்சுவரில் போய்த்தான் சுடுகிறது. ஒரு பொட்டை விடச் சின்ன இடம். தோலில் ஒரு கீறல் கிடையாது. நானோ கிரகம் கிரகமாகப் போய் எரித்துக்கொண்டிருந்தேன். மெய்யாகவே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முடிந்தது. வெளியே கூட்டி வந்தேன். அக்கா இடது கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் காற்றில் துழாவினாள்.

"தம்பி... இங்கனதான் இருக்கியா? இந்தக் கண்ணுல ஒண்ணுந் தெரியலலே."

கட்டாயப்படுத்திக் கூட்டி வந்து இருக்கிற பார்வையையும் கெடுத்துவிட்டேனோ? அவ்வளவு வெளிச்சம் பட்ட கண் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னார். சொன்னால் போதுமா? அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவும் தைரியமில்லை.

"எதுத்தாப்புல யாரோ செவப்புச் சேலையில போறாவ..." என்றாள் மெதுவாக, இடது கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே.

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அழுதுவிட்டேன்.

"எதுக்குலே அழுத? நான் என்ன பாத்தேன்னு கேளு மொதல்ல. பச்சைலே! மழ பெஞ்ச மறுநா கம்மங்காட்டுல காலை வெயில் அடிக்குமே, அந்தப் பச்ச. ஒவ்வொரு சூட்டுக்கும் கண்ணு முழுக்க நெறஞ்சு நெறஞ்சு அணையுது. நீ என்னமோ செவப்பு செவப்புன்னு எழுதுத?"

எத்தனையோ வீரர்களை லேசரோடு மோதவிட்டிருக்கிறேன். அதைக் கண்ணுக்குள் வாங்கி, கம்மங்காடு என்று சொல்ல ஒருத்தராவது இருந்தாரா? அத்தனை கற்பனைக்கும் எட்டாத இடத்துக்கு அக்கா ஒரு காலை நேரத்தில் போய்விட்டு வந்துவிட்டாள்.

இன்னும் சில தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் இட்லி சாப்பிட்ட பிறகுதான். போன வாரம் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். "கசிவு நின்னுட்டும்மா. போன பார்வை திரும்பாது. இருக்குத பார்வையக் காப்பாத்தியாச்சு. சுகர விட்றாதீங்க."

"இருக்குதது போதும் தாயி" என்றாள் அக்கா. கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நல்ல வெயில். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் முன்னால் நடந்தேன்.

"ஏலே, நில்லு."

நின்றேன்.

"ஒங் கழுத்துக்குப் பின்னால என்ன அப்பிடிக் கறுத்துக் கெடக்கு? எனக்கும் இப்பிடித்தான் மொதல்ல கறுத்துச்சு. நீ சுகர் பாத்தியா?"

வெயிலில் அலைந்த கறுப்பு என்றேன். சட்டைக் காலர் உரசியது என்றேன். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றேன். அக்கா பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி உள்ளே போய் ரத்தப் பரிசோதனை அறையில் கையை நீட்டினேன்.

கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சும் வீராங்கனையை நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் ஒன்று நிச்சயம் — அவள் முன்னால் எவனும் குனிந்து தப்பிக்க மாட்டான்!