இனோக்கே அழித்த கோடு

எங்கள் நாவுலா ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் படுத்தாலும் இனோக்கேதான், தண்ணீர் மோட்டார் படுத்தாலும் இனோக்கேதான். கொப்பரைக் கொட்டகையில் வேலை பார்த்தவரின் மகன். தலைநகர் சுவாவில் மூன்று வருஷம் நிரல் எழுதப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தான். ஆறடி உடம்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் பாடினால் பெஞ்சு அதிரும். ஒரு வேலையை அரைகுறையாக விட்டான் என்று யாரும் சொன்னதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

நான் ரத்த வங்கியில் இருப்பவள். ரத்தம் கொடுப்பவர்கள் மூவாயிரம் பேருடைய பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் ஒரு பட்டியலில் இருந்தன. ரத்த வகையைத் தட்டினால் போதும், அந்த வகைக்காரர்களுக்கெல்லாம் போனில் செய்தி போகும். மார்ச் மாதம் புது மென்பொருள் வந்தது. நம்பருக்கு நடுவே கோடு இருந்தால் ஏற்கமாட்டேன் என்று அது அடம் பிடித்தது. எங்களிடமோ பாதி நம்பரில் கோடு.

"மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவியா, இல்ல கவா குடிக்க ஓடிருவியா?" என்று அவனை விரட்டினேன். கவா என்பது வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் எங்கள் ஊர்ப் பானம்.

"ஒரே வரிதான் அக்கா. கோடு எங்க இருந்தாலும் தூக்கிடு, அந்த இடத்துல ஒண்ணும் வைக்காதேன்னு எழுதணும். நீ டீய ஊத்து, ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்."

சொன்னபடியே முடித்தான். ஓ பாசிட்டிவ் என்று தட்டிப் பார்த்தோம், செய்தி பறந்தது. நான் கைதட்டினேன். பாவி நான், வேறு எந்த வகையையும் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து, அடைமழை நாளில், கமலேஷ்னி இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். காலையில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். முதல் பிரசவத்திலிருந்தே அவள் உடம்பு பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரி, ஏற்றினால் அதுவே கொன்றுவிடும் என்றார் டாக்டர். இருந்த இரண்டு பைகளும் தீர்ந்தன. ஓடிவந்து ஓ எழுதிப் பக்கத்தில் கோடு போட்டுத் தட்டினேன். 'யாரும் இல்லை' என்றது திரை. மறுபடி தட்டினேன். யாரும் இல்லை. போன வருஷம்கூட நெகட்டிவ்காரர்கள் வந்தார்களே என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. சுவாவிலிருந்து ரத்தம் கொண்டுவர வேண்டிய விமானம் மழையில் கிளம்பவில்லை. நாலு மணிக்கு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை இனோக்கே பட்டியலைத் திறந்தான். திரையில் இறங்கிய விரல் ரத்த வகையில் நின்றது. ஓ மட்டும் இருந்தது, பக்கத்தில் கோடு இல்லை. அவன் எழுதிய வரி போன் நம்பரோடு நிற்காமல், நெகட்டிவ் என்பதற்கு நாங்கள் போட்டிருந்த கோட்டையும் தூக்கியிருந்தது. கோட்டை அழிக்கும் முன் எடுத்து வைத்த பழைய பிரதியைத் திறந்தான். ஓ நெகட்டிவ் பத்தொன்பது பேர். நாலாவது பெயர் பிசுன் தேவ், டாக்ஸி டிரைவர்.

இருவரும் ஜன்னல் வழியே பார்த்தோம். ஆஸ்பத்திரி வாசலில் பிசுன் தேவ் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று மழையில் சவாரி இல்லாமல் பகல் முழுக்க அங்கேயேதான் இருந்தார்.

"அக்கா, இங்கிருந்து ஒரு சத்தம் கொடுத்திருந்தாலே வந்திருப்பாரே!"

"வாய மூடுடா," என்றேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க, இனோக்கே கவா வேர்க்கட்டோடு கமலேஷ்னியின் புருஷன் ராஜ்னீல் வீட்டுக்குப் போனான். கூட நானும் போனேன். இனோக்கே தரையில் உட்கார்ந்து, அந்த வேர்க்கட்டை முன்னால் வைத்து, குனிந்த தலை நிமிராமல் ஒன்றுவிடாமல் சொன்னான். வீட்டுக்காரர் அந்தக் கட்டைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம். ராஜ்னீல் முழுக்கக் கேட்டான்.

"எங்க இருந்தாலும் தூக்கிடுன்னு எழுதினியா?"

"ஆமாண்ணே."

"தூக்கின இடத்துல என்ன வெச்ச?"

"ஒண்ணும் வைக்கலண்ணே."

உள்ளே குழந்தை அழுதது. ராஜ்னீல் எழுந்து போனான். வெகுநேரம் காத்திருந்தோம். கட்டு வைத்த இடத்திலேயே கிடந்தது.