கூலிக்காரன் மகள்

எங்க மாமனாருக்குக் கோபம் வந்தால் நான் 'கூலிக்காரன் மக'. குழம்பில் உப்பு குறைந்தாலும் அதேதான். விருதுநகர்ப் பக்கம் காண்ட்ராக்ட் எடுத்து, ஆள் வைத்து வேலை வாங்கியவர், வயசான பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். மண் சுமந்தால் கூலி, மூட்டை தூக்கினால் கூலி, அவ்வளவுதான் அவர் கணக்கு.

எங்க அப்பா போர்ட் பிளேரில் ரோடு போடுகிற டிபார்ட்மெண்டில் மஸ்தூர். எங்க தீவில் மஸ்தூர் என்பது உத்தியோகத்தின் பேர். ஆர்டரில் அப்படித்தான் அடித்திருக்கும், கழுத்தில் கார்டு தொங்கும், அந்தப் போஸ்ட்டுக்கு பி.ஏ. படித்ததுகளும் அலையும். எங்க பூட்டன் கைதியாகக் கப்பலேறி வந்து, சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் இங்கே மரம் வெட்டியவர். அந்த வம்சத்தில் மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்க அப்பாதான். இதை மாமாவிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "எல்லாம் ஒண்ணுதாம்மா, இந்திக்காரன் பேரை மாத்தி வச்சிருக்கான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. நாங்கள் இருப்பது பாம்பூஃப்ளாட்டில், பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில். என் வீட்டுக்காரர் கப்பலில் டியூட்டி. வண்டி ஏற்றும் போட் அன்றைக்கு ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆள் போகிற போட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்றிவிட்டார்கள். கூட நானும், ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் கொழுந்தனும்.

அக்கரையில் சாத்தம் படகுத்துறையில் கடல் வற்றிக் கிடந்தது. போட் கீழே, ஆம்புலன்ஸ் மேலே, நடுவில் பாசி பிடித்த படி. ஸ்ட்ரெச்சரை அதில் இறக்க முடியாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது, உதடு வெளுத்துவிட்டது.

மேலே மூட்டை இறக்கி முடித்த மஸ்தூர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் அவர்களைப் பார்த்துக் கையைத் தட்டினான். "ஏய் கூலி! வாங்கப்பா, தூக்குங்க! கேக்குற காசு தர்றேன்!"

தமிழ் தெரியாதவனுக்கும் அந்த ஒரு வார்த்தை தெரியும்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். "யஹான் கோயி கூலி நஹீ ஹை." இங்கே கூலி யாரும் இல்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், மற்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள்.

"மனுஷங்களா மதினி இவங்க!" என்று கொழுந்தன் கத்துகிறான்.

"வாயை மூடுங்க தம்பி!"

ஓர் அறை விட்டிருப்பேன், நேரமில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆட்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதே முகத்தைத்தான் நானும் இத்தனை வருஷமாகச் சமையலறையில் திருப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாமாவுக்கு மூச்சு இரைக்கிறதே!

அப்பாவின் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. சுமை தூக்கக் கூப்பிடுகிறவன் முதலில் தன் கையை அதில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு ஏவுகிறவனுக்கு யாரும் குனிய மாட்டார்கள். நான் சேலையை இழுத்துச் செருகினேன். நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, "பையா, ஹாத் லகா தோ!" அண்ணே, ஒரு கை கொடுங்க என்று கத்தினேன்.

மீசைக்காரர் திரும்பி என் கையைப் பார்த்தார். அவ்வளவுதான், தடதடவென்று இறங்கி வந்தார்கள். ஒருவர் என்னை விலகச் சொன்னார். நான் விடவில்லை.

பாதிப் படியில் எனக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. உயிரே போய்விட்டது எனக்கு. மாமா கண்ணைத் திறக்காமலே முனகினார். "அந்தக் கூலியாளைப் பாத்துத் தூக்கச் சொல்லும்மா."

"சாய்ச்சது நான்தான் மாமா. இந்தப் பக்கம் தூக்குறது நான்."

கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். மேலே போய்ச் சேரும்வரை வேறு எதையும் பார்க்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மறுநாளே ரசம் சரியில்லை என்று தட்டைத் தள்ளினார். "கூலி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்றார்.

அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். என் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வாசல்படி மிதிக்காதவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை டியூட்டி இருக்குன்னு சொல்லிடும்மா" என்றார்.

அப்படியே மாமாவிடம் சொன்னேன். மஸ்தூருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அது மாமாவுக்கும் தெரியும்.